துறையடிப் பெட்டி

அழகரத்தினத்துக்கு எதையும் எடுத்த எடுப்பில் நம்பி வழக்கமில்லை. கடையில் வாங்கிய யூரியா மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து தன் தராசில் இன்னொரு தரம் நிறுப்பார். பஞ்சாங்கத்தில் மழை என்று போட்டிருந்தால் வெளியே போய் எறும்புகள் என்ன செய்கின்றன என்று பார்ப்பார். பழுகாமத்துப் பள்ளவட்டை என்ற வயல்வெளிக்கு அவர்தான் வட்டைவிதானை. எந்த நாளில் விதைப்பது, எந்த வயலுக்கு முதலில் தண்ணீர், மாடு புகுந்து மேய்ந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். அறுபது குடும்பத்து வயலைக் காக்கிறவனுக்குச் சந்தேகம் குணமல்ல, உத்தியோகம் என்று சொல்லிக்கொள்வார். அந்த உத்தியோகத்தைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தால் என்ன என்று மனைவி ஆச்சிப்பிள்ளை கேட்பாள்.

நான் சொல்வது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு மாரி. அதற்கு முந்திய முந்திய மாரியில் விதைத்ததை அறுக்கச் சண்டை விடவில்லை. சனமெல்லாம் ஷெல்லுக்குப் பயந்து ஆற்றைக் கடந்து கிழக்கே எழுவான்கரைக்கு ஓடித் தறப்பாள் கூடாரத்துக்குள் கிடந்தது. திரும்பி வந்த ஆண்டு விதைக்க நெல் இல்லை. ஆகவே இந்த மாரிதான் பள்ளவட்டையில் மறுபடி பச்சை தெரிந்த மாரி. இந்த வெள்ளாமை வீட்டுக்கு வந்தால் சொந்த நெல்லில் சோறு. வராவிட்டால் மறுபடி நிவாரண வரிசை. அழகரத்தினத்தின் நான்கு ஏக்கரும் அதற்குள்தான் இருந்தது.

பள்ளவட்டைக்கு மழை எதிரியல்ல, ஆறுதான் எதிரி. வாவி என்று புத்தகத்தில் எழுதுவார்கள். எங்கள் வாயில் அது ஆறுதான். மாரியில் மேட்டுத் தண்ணீரெல்லாம் ஆற்றுக்கு வரும். கடலுக்குப் போகிற வழியில், கல்லாற்றுப் பக்கத்து முகத்துவாரத்தில், மணல் அடைத்துக்கொண்டு கிடக்கும். மணலை வெட்டிவிட்டால் தண்ணீர் வடியும், வெள்ளாமை தப்பும். ஆனால் நேரத்துக்கு முந்தி வெட்டினால் ஆற்று இறாலும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும்; பெரியகல்லாற்று மீன்காரர் வலையை மடித்து வைத்துவிட்டுக் கையைப் பிசைய வேண்டியதுதான். வெட்டு என்று இந்தக் கரையும், வெட்டாதே என்று அந்தக் கரையும் வருடா வருடம் மல்லுக்கு நிற்கும். பாலத்தடியில் அடி எழுதிய கட்டை ஒன்று முன்பு இருந்தது, அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். சுனாமி அதைப் பிடுங்கிக்கொண்டு போனது.

சுனாமிக்குப் பிறகு வந்த வெளிநாட்டுத் திட்டங்களில் ஒன்று கட்டைக்குப் பதிலாகப் பெட்டியைக் கொண்டுவந்தது. பழுகாமத்துத் துறையடியில், மருதமரத்துக்குப் பக்கத்தில், ஒரு இரும்புத் தூண். தூணில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. பெட்டியில் இலக்கம் தெரிகிற சின்னக் கண்ணாடி. பெட்டியிலிருந்து கறுப்பு வயர் ஒன்று குழாய்க்குள்ளால் ஆற்றுக்குள் இறங்கியது. அதன் நுனியில் சுருட்டு நீளத்தில் ஒரு சென்சர். தனக்கு மேலே நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தை அது அறிந்து ஆழத்தைச் சொல்லும். ஒரு மீற்றர் இருபது என்று பெட்டி காட்டினால் முகத்துவாரம் வெட்டப்படும், காட்டாவிட்டால் மணலில் ஒருவரும் கை வைக்கக்கூடாது என்று இரண்டு கரையாரும் கையெழுத்துப் போட்டார்கள். மேற்குக் கரையான எங்கள் படுவான்கரையார் வாளியால் தண்ணீர் ஊற்றிப் பெட்டியை ஏமாற்றுவார்கள் என்று கல்லாற்றார் முணுமுணுத்ததும் உண்டு. சந்தேகம் அழகரத்தினத்தின் தனிச்சொத்து அல்ல.

பெட்டியைத் தூணில் பொருத்திப் பூட்ட வந்தவன் காத்தான்குடி றவூப். பத்து வருடம் கத்தாரில், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் அழுத்தமானிகளோடு கிடந்தவன். அவன் அங்கே இருக்கையில்தான் இங்கே கடல் வந்து அவனுடைய மனைவி ஸைனம்புவையும் மகளையும் கொண்டுபோனது. வந்தவன் திரும்பிப் போகவில்லை. அதிகம் பேசமாட்டான், வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேசுவான்.

அழகரத்தினம் பெட்டியைச் சுற்றி வந்து, குனிந்து அடிப்பக்கத்தையும் பார்த்தார். குண்டூசி போகிற அளவில் ஒரு துவாரம் இருந்தது.

"இந்த ஓட்டை எதுக்குத் தம்பி?"

"அது மூச்சு விடுற ஓட்டை விதானையார்," என்றான் றவூப். "தண்ணிக்கு மேல காத்தும் ஏறியிருந்து அமத்துது. அந்தக் காத்திட பாரத்தக் கழிச்சாத்தான் தண்ணிட கணக்கு சரியா வரும். அதுக்குத்தான் வயருக்குள்ளால ஒரு மெல்லிய குழாய் மேல வந்து இதுல துறக்குது. இத மட்டும் ஒரு நாளும் அடைச்சிராதீங்க."

பெட்டிக்கு மூச்சாம் என்று கூட்டம் சிரித்தது. அழகரத்தினம் சிரிக்கவில்லை. பெட்டியின் தலையில் ஏன் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்டார். மணிக்கு ஒரு தரம் பட்டினத்து அலுவலகத்துக்குச் செய்தி அனுப்ப என்றான் அவன். ஓட்டையும் இருக்கிறது, செய்தியும் போகிறது. அழகரத்தினம் இரண்டையும் மனதுக்குள் ஒன்றாக முடிந்து வைத்துக்கொண்டார்.

அந்த முடிச்சு ஐப்பசியில் இறுகியது. வட்டைக் கூட்டம் எப்போதும் அந்த மருதமரத்தடியில்தான் கூடும். அன்று பன்னிரண்டு பேர். முகாமுக்காகப் புதிதாக அடித்த முட்கம்பி வேலி வயலுக்குப் போகிற வண்டிப்பாதையை மறித்துக்கொண்டு நின்றது. எல்லோரும் கையெழுத்து வைத்து மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதுவோம் என்று தனோஜன் என்ற பொடியன் சொன்னான். இருபத்துநான்கு வயது, தகப்பன் இல்லாத வீட்டில் வயலைத் தானே செய்கிறவன். பயந்து பயந்து எத்தனை நாளைக்கு என்றும் கேட்டான். மறுநாள் பின்னேரம் அவன் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். யார் என்று கேட்காதீர்கள், அந்தக் காலத்தில் எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. பயந்து பயந்து எத்தனை நாளைக்கு என்று அவன் சொன்ன அதே சொல்லை அவனுக்கே திருப்பிச் சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். நான்காம் நாள் விட்டார்கள். வந்தவன் தாயோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

அழகரத்தினத்துக்குச் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு முகத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தார். ஒன்று மைத்துனன், ஒன்று சம்பந்தி, ஒன்று தறப்பாளுக்குள் பக்கத்தில் படுத்து அரைக் கோப்பை கஞ்சியைப் பங்கு போட்டவன். இவர்களில் ஒருவன் என்று நினைக்க அவருடைய நெஞ்சு மறுத்தது. ஊரையே சந்தேகிக்கிற மனிதனுக்கு இந்த ஒரு சந்தேகம் மட்டும் தாங்கவில்லை. பன்னிரண்டு பேர் அல்ல, பதின்மூன்றாவதாக ஒன்று அங்கே நின்றதே, ஓட்டையும் கம்பியும் வைத்துக்கொண்டு, என்று தோன்றியபோது அவருக்கு அழுகை வருகிற அளவுக்கு ஆறுதலாக இருந்தது.

ஆற்றைக் கடக்க அவரிடம் ஒரு சின்னத் தோணி உண்டு. அதன் வெடிப்பு அடைக்கக் குங்கிலியம் வைத்திருந்தார். ஆச்சிப்பிள்ளையின் மண்சட்டியில் குங்கிலியத்தைப் போட்டு, தேங்காயெண்ணெய் விட்டு உருக்கிக் கிண்டினார். சட்டி இனிக் கறிக்கு ஆகாது என்று அவள் சத்தம் போட்டாள். எதற்கு என்று கேட்டதற்குத் தோணிக்கு என்றார். ஊர் சாப்பிட்டுக் கண் அயர்கிற மத்தியான நேரத்தில் துறையடிக்குப் போய், குனிந்து, சூட்டோடு சூடாக ஓட்டையை அடைத்துப் பெருவிரலால் அமத்தினார். கண்ணாடியில் இலக்கம் மாறவில்லை. காதை அடைத்தால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று திருப்தியோடு வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் சாப்பிடாத சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

பிறகு மருதமரத்தடிப் பேச்சு ஒன்றும் வெளியே போகவில்லை. யாரும் வாயைத் திறந்தால்தானே போவதற்கு. அழகரத்தினம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. தான் அடைத்தது சரி என்பதற்கு அதையே அத்தாட்சியாக வைத்துக்கொண்டார்.

கார்த்திகை மழை அளவாகப் பெய்தது. வெள்ளாமை கதிரை உள்ளே வைத்துக்கொண்டு குடலைப் பருவத்துக்கு வந்தது. இன்னும் பத்து நாளில் கதிர் தலை காட்டும் என்று ஊர் வரம்பில் நின்று பார்த்துப் பூரித்தது. அந்த நேரம் பார்த்து மார்கழியில், டிசம்பர் இருபத்துநாலாம் தேதி, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலி சொன்னது. இரவு பகல் இல்லாமல் கொட்டியது. மறுநாள் காலை ஆறு மருதமரத்து வேரைத் தொட்டுவிட்டது. வேரைத் தொட்டால் முகத்துவாரம் வெட்டுகிற நேரம் என்பது அழகரத்தினம் அரைக்காற்சட்டை போட்ட காலத்திலிருந்து கண்ட உண்மை. பெட்டியோ ஒரு மீற்றர் பன்னிரண்டு என்று காட்டியது. நாலு விரல் குறைவு.

மத்தியானம் கரை வழிந்து தண்ணீர் வயலுக்குள் ஏறியது. அதற்குப் பிறகு ஆறு உயரவில்லை, வயலுக்குள்தான் பரந்தது. பெட்டி பதின்மூன்று என்றது. பட்டினத்து அலுவலகத்துக்குப் பேசினால், இலக்கம் வரவில்லையே, கையெழுத்துப் போட்டவர்கள் நீங்கள்தானே என்றார்கள். றவூப்புக்கு எடுத்தால் அவனுடைய போன் நிறுத்தியிருந்தது. இருபத்தாறாம் தேதியும் நிறுத்தியிருந்தது.

அழகரத்தினத்துக்குத் தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. இரண்டு கிழமைக்கு முன் கல்லாற்றுச் சந்தியில் றவூப்பைக் கண்டிருந்தார். மீன்காரன் ஒருவன் இறால் பையொன்றை அவனுடைய சைக்கிளில் கொழுவிவிட்டதையும் கண்டிருந்தார். அப்போது பேசாமல் வந்தவர் இப்போது வரம்பில் நின்ற சனத்துக்கு அதை எடுத்துச் சொன்னார்.

"பெட்டி பொய் சொல்லாது. பெட்டியப் பூட்டினவன் சொல்ல வைப்பான்," என்றார்.

சொன்னதோடு விடவில்லை. கொட்டுகிற மழையில் ஆற்றைக் கடந்து, பட்டினத்துக்குப் போய், அதிகாரியின் மேசைக்கு முன்னால் நனைந்த சாரத்தோடு நின்று, றவூப் கல்லாற்றாரிடம் கைநீட்டிக் காசு வாங்கிவிட்டான் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார். வருகிற வழியில் மனது நிறைந்திருந்தது. வயலில் தண்ணீர் மட்டும் அப்படியே இருந்தது.

இருபத்தேழாம் தேதி காலை மழை தூறலானது. குடலையின் தலைக்கு மேல் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரில் இடுப்பளவுக்கு நடந்து, தலையில் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு றவூப் வந்தான். சுற்றி நின்ற நாற்பது பேரில் ஒருவரும் வா என்று சொல்லவில்லை. கல்லாற்று இறால் ருசியா என்று ஒருவன் கேட்டான்.

றவூப் அழகரத்தினத்துக்கு முன்னால் வந்து நின்றான். "விசாரணை முடியுமட்டும் வேலைக்கு வர வேணாமெண்டு கடிதம் தந்திரிக்காங்க விதானையார். நான் வேலைக்கு வரல்ல. பெட்டியப் பாக்க வந்தன்."

"ரெண்டு நாளா எங்க இருந்த?" என்று அவர் கேட்டார்.

"நேத்து இருபத்தாறு. ஸைனம்புவும் புள்ளயும் போன நாள். அதுக்கு முதல் நாளும் அண்டைக்கும் நான் போனத் துறக்கிறல்ல."

நாலு வருடமாக இருபத்தாறு என்றால் என்ன நாள் என்று இந்தக் கரையில் அறியாதவர் இல்லை. அழகரத்தினமும் அறிவார். கோபத்தில் தேதி மறந்துபோயிருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

றவூப் பெட்டியைத் திறந்து பார்த்தான். வயரைத் தடவிப் பார்த்தான். கம்பொன்றைத் தண்ணீருக்குள் விட்டு அளந்தான். கம்பு ஒரு மீற்றர் இருபத்தொன்று என்றது, பெட்டி பதின்மூன்று என்றது. பிறகு பெட்டியின் அடிப்பக்கம் கையை விட்டான். கை அங்கேயே நின்றது. திருப்புளியை எடுத்துக் கிண்டினான். பட்டாணி அளவில் ஒரு கட்டி பெயர்ந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது.

எல்லோரும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதின்மூன்று பதினைந்தானது. பதினெட்டானது. இருபத்தொன்றில் போய் நின்றது.

"மூச்ச அடைச்சிட்டாங்க," என்றான் றவூப். "புயல் வந்தாக் காத்திட பாரம் குறையும். ஓட்டை துறந்திருந்தாப் பெட்டி அதச் சரிப்பண்ணும். அடைச்சாப் பழைய காத்தையே கழிச்சுக்கிட்டிரிக்கும், தண்ணியக் குறைச்சுக் காட்டும். நல்ல நாளையில ஒரு வித்தியாசமும் தெரியாது. வெள்ளம் வாற நாளையிலதான் பொய் சொல்லும்."

கட்டியை ஒருவன் வாங்கி முகர்ந்து பார்த்தான். குங்கிலியம். தோணி அடைக்கிற குங்கிலியம். கல்லாற்றான் வேலை என்று அவன் சொன்னதும் கூட்டம் கொதித்தது. படுவான்கரையிலும் தோணி இருக்கிறது, தோணிக்கு இங்கேயும் அதைத்தான் பூசுகிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கொதிப்பில் யாருக்கு நினைவு வரும். வெள்ளாமை செத்துக்கொண்டிருக்கிறது, சாகடித்தவனுக்கு ஒரு முகம் வேண்டும். தோணிகளை அவிழ்க்கத் தொடங்கினார்கள். வேலிக்கட்டைகளைப் பிடுங்கினார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்றவன் தனோஜன். இரண்டு மாதத்தில் அவன் வாய் திறந்து பேசியது அன்றுதான்.

அழகரத்தினம் அந்தக் கட்டியையே பார்த்தார். நான் பேசாமல் நின்றால் யாருக்குத் தெரியும் என்று ஒரு கணம் நினைத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். றவூப் கட்டியைத் திருப்பி வாங்கிப் பார்த்தான். அதில் ஒரு பெருவிரல் ரேகை பதிந்திருந்தது. அவன் அதை ஒருவரிடமும் காட்டவில்லை, அழகரத்தினத்தின் கையையும் பார்க்கவில்லை. ஆனால் அழகரத்தினம் தன் பெருவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டதைத் தானே கண்டார். கண்டதும் அவருக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

"நில்லுங்க எல்லாரும்," என்றார். "கல்லாத்தான் இல்ல. நான்தான் அடைச்சன்."

தோணி அவிழ்த்தவர்கள் நின்றார்கள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்: கூட்டத்தில் பேசியது வெளியே போனதை, பெட்டி ஒட்டுக் கேட்கிறதென்று நினைத்ததை, சட்டியில் உருக்கியதை. தனோஜனைப் பார்த்து, உனக்கு நடந்தது இன்னொருவனுக்கு நடக்கக்கூடாதென்றுதான் மகன் செய்தேன் என்றார். ஏச்சு விழும், அடியும் விழலாம், வாங்கிக்கொள்வோம் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

ஏச்சு விழவில்லை.

"ஆருக்காக இந்தப் பழியச் சுமக்கிறீங்க விதானையார்?" என்று தனோஜன் மெதுவாகக் கேட்டான். "நேத்துப் பட்டினத்துக்குப் போனீங்களே. அங்க வெச்சு ஆரு உங்களோட பேசின?"

அழகரத்தினத்துக்கு முதலில் விளங்கவில்லை. பட்டினத்தில் யாரோ தன்னைப் பிடித்து இப்படிச் சொல்ல வைத்ததாக அவர்கள் நினைக்கிறார்கள் என்று விளங்கியதும் வீட்டுக்கு ஓடி, அடியில் குங்கிலியம் உறைந்த மண்சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். பின்னாலேயே வந்த ஆச்சிப்பிள்ளையும் அது ஐப்பசியில் உருக்கியது, என் கண்ணால் கண்டேன் என்றாள். சட்டியில் எப்போது வேண்டுமானாலும் உருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். புருசனுக்காகப் பெண்சாதி எதையும் சொல்வாள் என்றார் இன்னொருவர். ஒரு பெட்டி ஓட்டை வழியாக ஒட்டுக் கேட்கும் என்று நினைக்க விதானையார் என்ன சின்னப் பிள்ளையா, தன்னுடைய தராசை மட்டும் நம்புகிற மனிதனாயிற்றே என்றார் மூன்றாமவர். அவருடைய சந்தேகப் புத்தியே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

ஆனாலும் கட்டைகள் கீழே போயின. கல்லாற்றுக்கு ஒருவரும் போகவில்லை. அவருடைய சொல்லால் நடந்தது அந்த ஒன்றுதான். பெட்டியின் புதிய இலக்கம் பட்டினத்துக்குப் போக, ஒப்பந்தப்படி கல்லாற்றாரே மண்வெட்டியோடு இறங்கி மத்தியானத்துக்குள் முகத்துவாரத்தை வெட்டினார்கள். மறுநாள் விடிய ஆறு வேரை விட்டு இறங்கியது. மேட்டுப்பக்கம் தப்பியது. பள்ளத்தில் இருபத்தாறு குடும்பத்து வெள்ளாமை குடலையோடு அழுகி நாறியது. அதில் அழகரத்தினத்தின் நான்கு ஏக்கரும், தனோஜனின் இரண்டு ஏக்கரும் இருந்தன.

அவர் மறுபடி பட்டினத்துக்குப் போய், முன்பு எழுதிக் கொடுத்தது பொய், அடைத்தவன் நான் என்று எழுதிக் கொடுத்தார். அதிகாரி நம்பினாரோ இல்லையோ, றவூப்புக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அவர் றவூப்பிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அவன், அந்த இறால் பையைத் தந்தவன் கடலுக்குள் இருந்து ஸைனம்புவின் உடலைத் தூக்கிக் கரை சேர்த்தவன், வருடா வருடம் இந்த மாதம் ஏதாவது தருவான் என்று மட்டும் சொன்னான். அன்றிரவு அழகரத்தினம் ஆச்சிப்பிள்ளைக்கு முன்னால் விசும்பி அழுதார்.

வைகாசியில் சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னது. ஆற்றுக்கு அப்பால் எங்கோ வெடி கொளுத்தினார்கள். அந்தக் கிழமை அழகரத்தினம் துறைப் பக்கம் போனார். வட்டைக்கு இப்போது வேறொருவர் விதானை. மருதமரத்தடியில் ஏழெட்டுப் பேர் குந்தியிருந்து, வன்னியிலிருந்து யாருடைய பிள்ளை வந்தது, யாருடையது வரவில்லை என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். தனோஜனும் இருந்தான். பேச்சைக் கேட்க ஆசையாக நெருங்கினார்.

பேச்சு நின்றது. தனோஜன் வானத்தைப் பார்த்தான்.

"மழை வரும் போல இரிக்கு," என்றான்.

வானத்தில் ஒரு முகில் துண்டும் இல்லை. அழகரத்தினம் அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தாம் அந்தப் பெட்டியை எப்படிப் பார்த்தாரோ அப்படியே அவர்கள் தம்மைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஓம், வரும்போலத்தான் என்று சொல்லிவிட்டு, பெட்டியடிக்குப் போய்க் குனிந்து, ஓட்டை திறந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். திறந்துதான் இருந்தது. அவர் வரம்பு ஏறி, வாகை மரத்தைத் தாண்டி, கண்ணுக்கு மறைகிறவரை மருதமரத்தடியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.